‘இல்லை’ என்று எழுதச் சொன்னவள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பெண் வீட்டுக்குப் போய்விட்டு வந்தோமே, அன்று சாயங்காலம் நீ பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாய். “வீசிங் எனக்கு எந்த வயசுல வந்துச்சுன்னும் சொல்லிடும்மா. யாராவது கேட்டா நான் மாத்திச் சொல்லிடப் போறேன்” என்றாய். நீ கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாய். நான் ஏதோ உளறிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. ஒரு பொய்யைப் பற்றி நீ கேட்டதற்கு இன்னொரு பொய் சொல்லித்தான் தப்பித்தேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்குத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நடந்தது உனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அனுசுயாவின் அப்பா நல்ல மனுஷர். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, “ஏங்க, தம்பி சென்ட்ரல் கவர்மென்ட் வேலையில இருந்தாரே, அத எதுக்கு வுட்டாரு?” என்று கேட்டார். பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். உன் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார், நீ நிமிர்ந்தாய். நான் மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அந்த எடம் கடலோரமுங்க. கடல் காத்து ஒத்துக்கல, வீசிங் வந்துடுச்சு” என்று சொன்னேன். கடலூரில் பிறந்து, தினமும் சாயங்காலம் பீச்சில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பிள்ளைக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். அவர் அதையும் நம்பி, “ஆமாங்க, ஒடம்புதான முக்கியம்” என்றார். எனக்குப் பொய் வருவது அப்படித்தான். தேட வேண்டியதில்லை, கேட்டவுடன் கைக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அந்தப் பழக்கம் எங்கே வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. செம்மங்குப்பத்தில் கம்பெனி லேபில் நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால், “தண்ணி டெஸ்ட் பண்றது” என்பாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேறுகிற கழிவுநீரைப் பிடித்து வந்து, அமிலம் எவ்வளவு, காரம் எவ்வளவு என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். சரியில்லாத அளவை எழுதிய இரண்டு மூன்று தடவை இன்சார்ஜ் கூப்பிட்டு, “என்னம்மா, கம்பெனிய மூடிடலாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு அளக்காமலே எழுதக் கற்றுக்கொண்டேன். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எல்லாக் கட்டத்தையும் மொத்தமாக நிரப்புவோம். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, மை தீர்ந்துபோகிற நிலையில் இன்னொன்று வைத்திருப்போம். எண்கள் ஒரே மாதிரி வரக் கூடாது, ரொம்பவும் மாறக் கூடாது. அதிகாரிகள் வருவார்கள், ரிஜிஸ்டரைப் புரட்டுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருத்தர்கூட ஒரு குடுவையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்ததில்லை. பக்கத்து ஊர் குடிகாட்டிலிருந்து கூட்டிப் பெருக்க வருகிற அம்மா ஒருநாள் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து, “இதையும் ஒரு டெஸ்ட் பண்ணிச் சொல்லும்மா, கொழந்தைங்க குடிக்குது” என்று கேட்டாள். பார்த்தேன். அவளிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த மாசம் நினைவிருக்கிறதா? 2004. ஆய்வு வருகிறது என்று சொல்லி, விட்டுப்போன பத்து நாள் பக்கங்களை நிரப்பச் சொல்லி என்னிடம் ரிஜிஸ்டரை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எண் போடுவது என்று எனக்கே சலித்துவிட்டது. நீ கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து, “ஏழு புள்ளி ரெண்டு போட்டுட்ட. இப்ப ஏழு புள்ளி நாலு போடு. அடுத்தது ஏழு புள்ளி ஒண்ணு. அப்பதான்மா உண்மையா இருக்கும்” என்று சொன்னாய். நான் சிரித்தேன். என் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்று உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைய எதுக்கு இதுல இழுக்கிற?” என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. உனக்கு நான் பாலும் சோறும் கொடுத்து வளர்த்தேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், இதையும் கொடுத்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷமே உனக்குச் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கிடைத்தது. இரண்டாம் வருஷத்தில் ஹாஸ்டல் பிடிக்கவில்லை என்று ரயிலடிப் பக்கம் நாலு பேராக ரூம் எடுத்தீர்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாய், அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாய். உன் சட்டையை ஊறப்போடும்போது ஒரு வாசனை வரும். காய்ந்த இலையைக் கருக்கின மாதிரி, கொஞ்சம் இனிப்பாக. நீ நினைத்திருப்பாய், அம்மாவுக்குத் தெரியாது என்று. குடிகாட்டுப் பக்கம் காற்று திரும்பினால் எந்தக் கம்பெனி எதைத் திறந்துவிட்டிருக்கிறது என்று மூக்காலேயே சொல்லுகிறவள் நான். எனக்கா தெரியாது? முதல் சனிக்கிழமையே தெரிந்தது. சிகரெட்டாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட இருக்கிற பையன்கள் பிடிக்கிறார்களோ என்னவோ என்று சொல்லிக்கொண்டேன். சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசி, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் முகர்ந்து பார்த்தால் வாசனை இல்லை. பிரச்சினையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏழு எட்டு மாசம் இப்படித் துவைத்திருக்கிறேன், தம்பி. ஒரு சனிக்கிழமை உன்னை எழுப்பி உட்கார வைத்து, என்னடா இது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது ஒரு வீட்டுச் சண்டையோடு முடிந்திருக்கும். நான் கேட்காததால் போலீஸ் கேட்டது.

2006இல் நடந்ததை நீ எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. உன் அப்பாவும் துண்டு துண்டாகத்தான் சொன்னார். உன்னைப் போலீஸ் பிடித்திருக்கிறது என்று பஸ் டெப்போவுக்கு போன் வந்தபோது அவர் காலை டிரிப்புக்கு வண்டி எடுக்கப் போகிறார். கடலூர் சிதம்பரம் வண்டி. மாற்று டிரைவர் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஜனங்களை ஏற்றிக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நிறுத்தி, சிதம்பரத்தில் இறக்கிவிட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு கோர்ட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். நாலு பேரும் வரிசையாக நின்றீர்களாம். சின்னக் கஞ்சாப் பொட்டலம், முதல் தடவை, படிக்கிற பையன்கள் என்று அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். திரும்புகிற டிரிப்பில் உன்னை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். எங்கள் கம்பெனி கேட் வந்தால் உன் அப்பா ஹாரன் அடித்துவிட்டுப் போவது உனக்குத் தெரியும். இருபது வருஷமாக அடிக்கிறார், லேபில் எல்லோரும் கேலி பண்ணுவார்கள், “ஒங்க ஊட்டுக்காரர் அட்டெண்டன்ஸ் போட்டுட்டாரு” என்று. அன்றைக்கு நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். வண்டி வந்தது. ஹாரன் இல்லை. அவருக்குப் பின்னால் நீ தலையைக் கம்பியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். வார நாளில் நீ ஏன் அப்பா வண்டியில் வருகிறாய் என்று யோசித்துக்கொண்டே வண்டி மறைகிற வரை பார்த்தேன்.

கல்லூரியில் ஒரு செமஸ்டர் வெளியே அனுப்பிவிட்டார்கள். உனக்கு மஞ்சள்காமாலை என்று நான் தெருவெல்லாம் சொன்னேன். பத்தியச் சாப்பாடு வேறு போட்டேன், யாராவது வந்து பார்த்தால் நம்ப வேண்டுமே என்று. நீ உப்பில்லாத மோர்ச்சோற்றைத் தின்றுகொண்டு என்னைப் பார்ப்பாய். அந்த ஆறு மாசத்தில் நீயாகவே அந்தச் சனியனை விட்டாய். யாரும் சொல்லவில்லை, யாரும் மருந்து கொடுக்கவில்லை. ரூமைக் காலி பண்ணிவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனாய், ஒரு அரியர் இல்லாமல் முடித்தாய். அதற்காக உன்னைத் தட்டிக்கொடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நடந்ததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று சொல்லவில்லை.

2010இல் அந்த சென்ட்ரல் கவர்மென்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வேலைக் கடிதம் வந்த அன்று வீடே ஒரு ஆட்டம் ஆடியது. காடாம்புலியூரிலிருந்து உன் மாமா பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, “மச்சான், நம்ம குடும்பத்துல மொத ஆபீசர்” என்று உன் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடிதத்தோடு அந்த ஃபாரமும் வந்திருந்தது. மூன்று பிரதி. நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடம், அதனால் ஆளைப் பற்றி முழுக்க விசாரித்துத்தான் நிரந்தரமாகச் சேர்ப்பார்கள். நீ கூடத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டே வந்தாய். பெயர், ஊர், கடைசி ஐந்து வருஷத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் எங்கெங்கே குடியிருந்தாய் என்ற விவரம், படிப்பு. பிறகு அந்தக் கேள்விகள் வந்தன. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? கோர்ட்டில் அபராதம் விதிக்கப்பட்டதுண்டா? கல்லூரியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதுண்டா? நீ பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாய். “எழுதிடுறேன்மா” என்றாய்.

“என்னாத்த எழுதுவ?”

“நடந்தத. நாலு வருஷம் ஆச்சு, இப்ப இல்லன்னு தனித்தாள்ல எழுதி வெக்கிறேன்.”

“உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? யாருடா போயி அங்க பாக்கப் போறான்?”

“மேலயே போட்டிருக்கும்மா. மறைச்சா தகுதி போயிடும்னு.”

“எல்லா ஃபாரத்துலயும் அப்பிடித்தான் போட்டிருப்பான். எங்க ரிஜிஸ்டர்லயும்தான் போட்டிருக்கான்.”

உன் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “கேக்கிறான்ல, சொல்லிட வேண்டியதுதான்” என்றார். “சொன்னா வேலை போயிடும்” என்றேன். “சொல்லலன்னா மட்டும் நிக்குமா?” என்று கேட்டார். நான் கத்தினேன். எட்டாவது படித்தவருக்கு இங்கிலீஷ் ஃபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உன் முன்னாலேயே கேட்டேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக விரலை வைத்து, “இல்லன்னு எழுது” என்றேன். நீ எழுதினாய். மூன்று பிரதியிலும் எழுதி முடிக்கிற வரை விரலை எடுக்கவில்லை. ரிஜிஸ்டரை யாரும் சரிபார்த்ததில்லை, அதனால் இதையும் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். என் மொத்த அனுபவமும் எனக்குச் சொன்னது அதுதான்.

பிறகு விசாரிக்க ஏட்டு ஒருவர் மஃப்டியில் வந்தார். தெருவில் இரண்டு வீட்டில் கேட்டுவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தார். நீ அன்று இல்லை. காபி கொடுத்தேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, “பையன் மேல கேஸு கீஸு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா. காலேஜ் பசங்கதானே, சின்னதுன்னா அவுங்க பெருசா எடுத்துக்க மாட்டாங்க. நீங்களே சொன்னதா எழுதிடுறேன்” என்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கதவு திறந்துதான் இருந்தது, தம்பி. ஒரு மனுஷன் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நான், “எம்புள்ள தல நிமிந்துகூட நடக்க மாட்டான் சார், அவனப் போயி” என்று சிரித்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு, “சரிம்மா” என்று எழுந்து போனார்.

நீ வேலையில் சேர்ந்தாய். அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவை டிவி மேல் வைத்தேன். ஏழு மாசம் அது அங்கே இருந்தது. நான் கணக்கில் எடுக்காத ஒரு கேள்வி அந்த ஃபாரத்தில் இருந்தது. எங்கெங்கே குடியிருந்தாய் என்ற இடத்தில் நீ ரயிலடி ரூம் விலாசத்தைச் சரியாக எழுதியிருந்தாய். அதனால் தாள் ஒன்று கடலூர் போலீஸ் ஸ்டேஷனுக்கும், இன்னொன்று சிதம்பரம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறது. அங்கே பழைய நோட்டைப் புரட்டியிருக்கிறார்கள். நான் உன்னைச் சொல்லவிட்ட ஒரே ஒரு உண்மை வழியாகத்தான் நான் சொல்ல வைத்த பொய் வெளியே வந்தது. மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள். விசாரணைக்கு நேரில் கூப்பிட்டார்கள்.

நானும் உன்னோடு வந்தேன். நீ வேண்டாம் என்றாய், கேட்கவில்லை. வாசலில் பார்வையாளர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். நீ உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாய். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பாத்ரூம் பக்கம் போனபோது உன்னை விசாரித்த அதிகாரி சாப்பிடப் போக வெளியே வந்தார். ஓடிப்போய்க் கும்பிட்டேன். “தெரியாத வயசுல கஞ்சாவத் தொட்டுட்டான் சார், இப்ப சுத்தமா இல்ல, மன்னிச்சிடுங்க” என்றேன். அவர் நின்று பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “அம்மா, கஞ்சாவுக்காக இல்ல. அவரே எழுதியிருந்தா, சின்ன வயசு, விட்டு வருஷம் ஆச்சு, நல்லா படிச்சிருக்காருன்னு பாத்திருப்போம். நிச்சயமா எடுத்திருப்போம்னு சொல்ல மாட்டேன், ஆனா வழி இருந்துச்சு. இங்க வேலை செய்யிறவங்க கையில நாட்டோட ரகசியம் இருக்கு. சொந்தத்துல ஒண்ண ஒளிச்சு வெச்சிருக்கிற ஆளை, வெளிய சொல்லிடுவேன்னு யாரு வேணாலும் மிரட்டி எதையும் வாங்கிடலாம். தப்பே பண்ணாதவன நாங்க தேடல. ஒளிக்காதவனத் தேடுறோம்” என்றார். பிறகு, “யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு நாலு தடவ கேட்டேன். நானாதான் எழுதினேன்னு ஒரே புடியா நின்னுட்டாரு” என்று சொன்னார்.

அங்கே நான் சொல்லியிருக்கலாம். ‘நான்தான் சார் சொன்னேன், என் விரல்தான் சார் அந்தத் தாளில் இருந்தது’ என்று. வேலை திரும்பி வந்திருக்காது. ஆனால் நீ வேண்டுமென்றே ஏமாற்றியவன் என்று வேலையை விட்டு நீக்கிய ஆர்டரில் எழுதியிருக்கிறதே, அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் நானும் நின்றிருப்பேன். என் வாய் திறக்கவில்லை. பொய் சொல்ல மட்டும் அது தானாகத் திறக்கும். அவர் போய்விட்டார். நீ வந்தாய், “சாப்டியாம்மா?” என்று கேட்டாய். பஸ்ஸில் வருகிறபோது எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு வந்த மாசங்களைப் பற்றி நிறைய எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ மறுபடியும் அதைத் தொட்டாய். மறுபடியும் அந்தச் சட்டை, அந்த வாசனை. இந்தத் தடவை நான் துவைக்கவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “இது என்னாடா?” என்று கேட்டேன். நீ மறைக்கவில்லை. “ஆமாம்மா. நிறுத்த முடியல” என்றாய். என் வாழ்க்கையில் நான் கேட்ட உண்மைகளிலேயே அதுதான் அதிகமாக வலித்தது, அதுதான் உதவியும் செய்தது. மறுநாளே உன் அப்பா லீவு போட்டு உன்னைப் பாண்டிச்சேரிக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார். வாரம் தவறாமல் போனீர்கள். கடைசியில் ‘தானே’ புயல் அடித்து, உன் மாமாவின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, நீ போய் ஒரு மாசம் மரம் அறுத்தாய், கையெல்லாம் காய்த்துத் திரும்பி வந்தாய். இப்போது பாண்டிச்சேரியில் அந்த பம்ப் கம்பெனி வேலை. உன்னுடைய படிப்புக்கு அது சின்ன வேலை என்று நான் புலம்பியிருக்கிறேன். இனிமேல் புலம்ப மாட்டேன். அங்கே சேரும்போது எல்லாவற்றையும் முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாய் என்று உன் அப்பா போன வாரம்தான் எனக்குச் சொன்னார். என்னிடம் நீ சொல்லவில்லை, நான் தடுத்துவிடுவேன் என்று.

இனி, நேற்று நடந்தது. உன் போனுக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ சொல்வதற்குள் நானே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி சிதம்பரம் போனேன். அவள் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு கேட்டில் நின்றேன். அனுசுயா என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். மேல வீதியில் ஒரு ஜூஸ் கடைக்குக் கூட்டிப் போனாள். நான் இழுத்து இழுத்து ஆரம்பித்தேன். “அந்த வேலை விஷயம்மா…” என்றதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவுரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு அத்தை. போன மாசமே. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, ஃபாரம், எல்லாம். இந்த வாரம் வீசிங் கதையச் சொல்லி ஒரே சிரிப்பு. ஒங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், எங்கம்மாவ ஒண்ணும் கேக்காத, அவுங்க பாவம்னாரு.”

எனக்குக் கண்ணை மறைத்தது. “நீ என்னா சொன்ன?” என்று கேட்டேன்.

“ரெண்டு நாளு தூங்கல அத்தை. அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அந்த ஃபாரத்துல பொய் எழுதச் சொன்னது யாருன்னு. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. யாரும் சொல்லல, நானாதான், ஊட்டுல யாருக்கும் தெரியாதுன்னாரு. சரி, இதுக்கு மேல எங்கிட்ட ஒளிக்க எதுவும் இல்லன்னு சத்தியம் பண்ணுங்கன்னேன். பண்ணிட்டாரு.”

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். நான் ஜூஸைக் குடித்தேன். மறுபடியும், தம்பி. ஏட்டு முன்னால், அந்த அதிகாரி முன்னால், இப்போது கல்யாணப் பெண் முன்னால். சாத்துக்குடி ஜூஸைக் கடைசி வரை குடித்துவிட்டு, “சரிம்மா, வர்றேன்” என்று எழுந்து வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு முழுக்கப் புரிந்தது. நீ எல்லா உண்மையையும் சொல்லிவிட்டாய். மிச்சம் இருக்கிற ஒரே பொய் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. அதன் மேல் ஒரு பெண்ணிடம் சத்தியம் பண்ணியிருக்கிறாய். என்றைக்காவது உன் அப்பா வாய் தவறிச் சொல்வார், அல்லது நானே ஒரு சண்டையில் சொல்வேன். அன்றைக்கு அவள் மறைக்கப்பட்டது என்ன என்று பார்க்க மாட்டாள், மறைத்தாய் என்றுதான் பார்ப்பாள். அந்த அதிகாரி சொன்னது ஒரு ஆபீசுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலையை உன்னிடமிருந்து பறித்தேன். ஒரு குடும்பத்தையும் பறிக்க என்னால் முடியாது.

அதனால்தான் எதையும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். சமையலறை, ரிஜிஸ்டர், சட்டை, விரல், எல்லாம். முதலிலிருந்து கடைசி வரை ஒரே பேனாதான், பார்த்துக்கொள். உனக்கு நான் சொல்ல ஒரு புத்திமதிதான் பாக்கி இருக்கிறது. உனக்குப் பிறக்கிற பிள்ளையின் சட்டையில் ஏதாவது வாசனை வந்தால், துவைப்பதற்கு முன்னால் கேள். அது உண்மையைச் சொன்னால், அடிக்காதே, என்ன பதில் எழுதுவது என்று சொல்லிக் கொடுக்காதே, பக்கத்தில் உட்கார்ந்துகொள். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். நீ மன்னித்துவிடுவாய், அது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்க வெட்கமாக இருக்கிறது.

உறையின் மேல் உன் பெயர் இல்லை. அனுசுயாவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், அவள் பள்ளிக்கூட விலாசத்துக்கு. முதலில் அவள் படிக்கட்டும். இந்த வரியை நீ படிக்கிறாய் என்றால் அவளே இதை உன் கையில் கொடுத்திருக்கிறாள் என்று அர்த்தம். உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தபால் பெட்டியில் தானே போடுவதாகச் சொல்லி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தவர், நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லையே என்று நான் சொன்னதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை நீட்டியபடி எதிரில் நிற்கிறார்.

எந்த வயதில் வந்தது என்று கேட்டாயே. உனக்கு வீசிங் வந்ததே இல்லை, தம்பி.

உன் அம்மா